ஒரு முறைக்கு ஒரு காரியம்

லிஃப்ட் பழுதுபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் நிற்பார். இன்னொருவர் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பார். கூண்டை நகர்த்தப் போகிறவர் "இறக்கறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் "இறக்கு" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானில் விரல் போகும். பதில் வராவிட்டால் பொழுது சாய்ந்தாலும் கூண்டு நின்ற இடத்தில் நிற்கும்.

லிஃப்ட்காரர் இருபத்தாறு வருட வேலையில் இதை ஒரே ஒருநாள்தான் மீறினார். கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். சின்ன வேலைதானே, மேலே போய் ஓட்டிவிட்டு நாமே கீழே வந்து பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தார். பள்ளத்தில் விழுந்ததில் தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நாற்பத்தெட்டு வயதில், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத ஒற்றை அறையில், காலில் இரும்புக் கம்பியோடு நாலு மாதம் மல்லாந்து கிடந்தார்.

அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் ஒரு ஆட்டம் ஆடிவந்தார். அந்த ஆட்டத்திலும் இதேபோல ஒரு கேள்வியும் பதிலும் இருந்தன.

ஆட்டம் நடந்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில். இரண்டு மணிக்குக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கடைக்காரர் மேலே வருவார். சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை தொங்கும். அதன் கடைசி வரியை அங்கே இருந்த யாரும் படித்ததில்லை. மேசைமேல் கண்ணாடிச் சட்டங்களை அடுக்கும் தட்டு, உள்ளே நீல வெல்வெட். பகடை உருளுவது அதில்தான். கடைக்காரர் கதை சொல்லுவார். கோட்டைக்குள் என்ன இருக்கிறது, கதவுக்குப் பின்னால் எத்தனை பூதம் நிற்கிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் போகிற ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தாளில் ஒரு தொழில், அந்தத் தொழிலுக்கு உண்டான திறமை, மிச்சமிருக்கும் உயிர் எவ்வளவு என்று ஓர் எண். சண்டை வந்தால் வரிசையாக முறை வரும். ஒரு முறைக்கு ஒரு காரியம். வெட்டலாம், இல்லையென்றால் ஓடலாம், இல்லையென்றால் காயத்துக்குக் கட்டுப்போடலாம்.

நர்ஸ் கட்டுப்போட மாட்டார். "வாரத்துல ஆறு நாளு அதத்தானே பண்றேன், இங்கயுமா?" என்று வில்லாளியாக இருந்தார். கணக்கு வாத்தியார் மந்திரவாதி. ஆறு பகடை உருட்டி நெருப்பு வளையம் போடுவார். லிஃப்ட்காரர் கேடயக்காரர். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று அடி வாங்குவது அந்தத் தொழில். அதனால் மேசையில் அவருக்குத் தூண் என்று பெயர்.

லிஃப்ட்காரரின் தங்கை ஒரே ஒரு மழைக்காலம் அந்த மேசையில் ஆடினாள். திருடி என்ற தொழிலை எடுத்தாள். மறைவதும் மறைப்பதும் அதன் திறமை. "இத்தன உத்தமங்களுக்கு நடுவுல பொய் சொல்ல ஒருத்தி வேணாமா?" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கல்பூதங்கள் தூணைச் சுற்றி வளைத்துக்கொண்டன. எட்டு பூதம். தூணின் கேடயம் வருகிற அடியைத் தாங்கும், தாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். ஆனால் பூதங்களின் அடி சில்லறை அடி. திருப்பிக் கொடுத்தால் அவற்றுக்கு உறைக்கவில்லை. வாத்தியாரின் நெருப்பைப் போட்டால் நடுவில் நிற்கும் தூணும் வெந்துபோவார். வாத்தியார் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்மேலயே போடுங்க சார்," என்றாள் தங்கை.

"என்னது?"

"கேடயம் எது வந்தாலும் வாங்கி, ரெண்டு மடங்கா திருப்பும்னு எழுதியிருக்குல்ல? யாரு போட்டதுன்னு எழுதலையே. நீங்க போடுங்க, அது வாங்கித் திருப்பட்டும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். பிறகு, "சரி. ஆனா கேடயக்காரர் சம்மதிக்கணும். பகடை நிக்கறதுக்குள்ள வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலைன்னா நெருப்பு நெருப்புதான். ஆளு காலி," என்றார்.

இந்த நிபந்தனை லிஃப்ட்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்குப் பழகிய பேச்சு அது.

வாத்தியார் அன்றுதான் முதல்முறையாக, "உன்மேல போடறேன்டா," என்றார். லிஃப்ட்காரர், "வாங்கிக்கறேன்டா," என்றார். எட்டு பூதமும் ஒரே முறையில் சுருண்டு விழுந்தன. நர்ஸ் மேசையைத் தட்டியதில் பகடை இரண்டு கீழே உருண்டு கண்ணாடிப் பெட்டிகளுக்கு இடையே காணாமல் போயின.

வாத்தியார் தனியாக நின்றால் ஒரு நல்ல மந்திரவாதி, தூண் தனியாக நின்றால் அடி வாங்குகிற ஒரு ஆள். இரண்டு பேரும் சேர்ந்தால் எதிரே எது நின்றாலும் கடைக்காரருக்குத்தான் கவலை. பதினேழு வருடத்தில் அந்த ஒரு சொல் தவறியதில்லை.

மறுவருடம் வாத்தியார் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு இரண்டு ஆண்களும் மச்சான், மாப்ளே என்று மாறி, நீங்க, வாங்க என்று மரியாதை பேச ஆரம்பித்தார்கள். மாடியில் ஆட்டத்துக்குள் மட்டும் பழைய டா நின்றது. "படியேறினா டா, படியிறங்கினா ங்க. நல்ல குடும்பம்டா சாமி," என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அதற்குப்பின் ஆட வரவில்லை. தெரிந்த திருட்டெல்லாம் தீர்ந்துவிட்டது என்றாள்.

லிஃப்ட்காரர் கால் முறிந்து கிடந்தபோது முதல் மாதம் அவள் தினமும் வந்தாள். தலையணையை உயர்த்தி வைத்தாள், நகம் வெட்டிவிட்டாள், திட்டினாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருதரம் ஆயிற்று. பிறகு ஃபோன் மட்டும். ஒருநாள் வந்தவளைப் பார்த்து, "என்ன இப்படி எளச்சுட்ட?" என்று கேட்டார். "நீ படுத்துக்கிட்டே ஊதுற, ஒருத்தராவது அழகா இருக்க வேணாமா?" என்றாள். தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். மழையில் நனைந்துவிட்டதாகச் சொன்னாள். வெளியே மழை பெய்கிறதா என்று அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அவர் கைத்தடியோடு எழுந்து நின்ற வாரத்தில்தான் விஷயம் தெரிந்தது. கட்டி. தங்கையின் உடம்பில் வளர்ந்து அதற்குள் ஈரலுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாத்தியார் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும்?"

"நாலு மாசமாத் தெரியும் மச்சான்."

அதற்குமேல் வாத்தியார் பேசவில்லை. இவரும் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் அவள் போய்விட்டாள். நாலு மாசம் என்ற சொல் மட்டும் லிஃப்ட்காரரின் தொண்டையில் முள்ளாக நின்றது. நாலு மாதத்தில் எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கலாம். இந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தவழ்ந்தாவது வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்படியே நினைத்து நினைத்து அவர் அதை உண்மையாக்கிக்கொண்டார்.

அவள் போன மூன்றாவது சனிக்கிழமை நர்ஸ்தான் இருவருக்கும் ஃபோன் செய்தார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு மாடியில் வந்து பார்க்கலாம் என்றார். இரண்டு பேரும் வந்தார்கள். பாதியில் விட்ட சண்டை அப்படியே இருந்தது. தூணைச் சுற்றி மறுபடி எதிரிகள். வாத்தியாரின் முறை வந்தது. அவர் ஆறு பகடைகளையும் உள்ளங்கையில் குலுக்கினார்.

"உன்மேல போடறேன்டா."

பகடைகள் தட்டில் விழுந்து உருண்டன. லிஃப்ட்காரர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். கீழிருந்து மூன்றாவது வரியை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். வெல்வெட்டில் பகடை உருண்டால் சத்தம் வராது. நின்றாலும் வராது.

கடைக்காரர் சற்று நேரம் பொறுத்தார். "தூணே, சொன்னீங்களா? எனக்குச் சரியாக் கேக்கல."

தப்பித்துக்கொள்ள அவர் திறந்துவைத்த வழி அது. மேசையில் எல்லோருக்கும் தெரிந்தது.

"சொல்லல," என்றார் லிஃப்ட்காரர். "நெருப்பு நெருப்புதான்."

பார்த்த மாத்திரத்தில் பகடை கூட்டிச் சொல்லும் வாத்தியார், அன்று ஒவ்வொரு பகடையின்மேலும் விரலை வைத்து எண்ணினார். இருபத்தேழு. தூணின் தாளில் மிச்சமிருந்த உயிர் இருபத்திரண்டு. அவர் இரண்டாம் தரம் எண்ணினார். பிறகு தன்னுடைய தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, பகடைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நீதான் அவளைக் கொன்றாய் என்று லிஃப்ட்காரர் வாயால் சொல்லியிருந்தால்கூட மறுத்துப் பேச இடம் இருந்திருக்கும்.

அதன்பிறகு எட்டு மாதம் வாத்தியார் வரவில்லை.

லிஃப்ட்காரர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. செத்த ஆள் திரும்பி வருவதில்லை என்பது அந்த மேசையின் வழக்கம். புது ஆளை எடுத்து முதல் படியிலிருந்து ஏறவேண்டும். அவர் புதுத் தாளை வாங்கித் தொழில் என்ற இடத்தில் இரண்டு எழுதினார். மந்திரவாதி, கேடயக்காரர்.

"ரெண்டா?" என்றார் கடைக்காரர்.

"எழுதக்கூடாதா?"

"எழுதலாம். தாராளமா எழுதலாம். எதுலயும் பாதிதான் வரும். அப்புறம், ரெண்டு தொழில் இருந்தாலும் ஒரு முறைக்கு ஒரு காரியம்தான்."

"தெரியும்."

தானே தன்மேல் நெருப்பைப் போட்டுத் தானே வாங்கித் திருப்புவதுதான் அவர் திட்டம். இன்னொருவர் வாயை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை நெருப்பைப் போட்டால், அதை வாங்கிக்கொள்ளக் கேடயம் அடுத்த முறைதான் வரும். அதற்குள் ஆள் கரியாகியிருப்பான். முதலில் கேடயத்தைத் தூக்கிப் பார்த்தார். நெருப்பு வருவதற்குள் கேடயம் இறங்கிவிட்டது. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு முறை பிந்தியது. ஒவ்வொரு தாளாகக் கிழிபட்டது.

"இன்னிக்கு எத்தனாவது?" என்றார் நர்ஸ்.

"பதினொண்ணு."

"நல்லாக் குளிர் காயலாம்." அவர் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். முறிந்த கால் இறங்கும்போதுதான் வலிக்கும்.

"சிஸ்டர், உங்கள ஒண்ணு கேக்கணும். பொண்டாட்டிக்கு இப்படின்னு தெரிஞ்சும் நாலு மாசம் சும்மா உக்காந்திருந்த ஆள என்னன்னு சொல்வீங்க?"

முதன்முதலாக அதை அவர் வாய்விட்டுச் சொன்னார். நர்ஸ் இரண்டு படி கீழே இருந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு சும்மா உக்காந்தது?"

"வேற யாரு."

"கட்டின்னு சந்தேகம் வந்த அன்னைக்கே ரெண்டு பேரும் என்கிட்டதான் வந்தாங்க. நானே கூட்டிட்டுப் போய்ப் பரிசோதன பண்ண வெச்சேன். நாலாவது நாளு மருந்து ஏத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் வாத்தியார் பக்கத்துல நின்னாரு. அவ வாந்தி எடுத்தத கையில ஏந்தினாரு. நான் பாத்தேன்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க காலு முழுக்க இரும்போட படுத்திருந்தீங்க. 'இப்பத் தெரிஞ்சா அண்ணன் கட்டோட எறங்கி வந்துடுவாரு, அப்புறம் இந்த ஜென்மத்துல நடக்கமாட்டாரு. அவர் எழுந்து நிக்கட்டும் சிஸ்டர்'னு சொன்னா. எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. நீங்க எழறதுக்குள்ள சரியாயிடும்னுதான் எல்லாரும் நெனச்சோம்."

"அவதான் செத்துட்டாளே. அதுக்கப்புறமாவது..."

"அந்தப் பகடை நின்னப்பவே சொல்லியிருக்கணும்," என்றார் நர்ஸ். "வாத்தியாரே சொல்லட்டும், நாம யாருன்னு இருந்துட்டேன். அது என் தப்புதான்."

கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் இறங்கவில்லை.

வாத்தியார் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் லிஃப்ட்காரரின் பராமரிப்பில்தான் இருந்தது. எட்டு மாதமாக அங்கே வேறு ஆளை அனுப்பிவந்தார். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். தனியாகப் போனார்.

கதவைத் திறந்த வாத்தியாரின் கையில் சிவப்புப் பேனா இருந்தது. பின்னால் மேசையில் விடைத்தாள் கட்டு. தாடி வளர்ந்திருந்தது, பாதி நரை.

"லிஃப்ட் பாக்க வந்தீங்களா மச்சான்?"

"ஆமா. கூட ஆள் வரல. மோட்டார் ரூம்ல நின்னு பதில் சொல்ல ஒருத்தர் வேணும்."

வாத்தியார் பேனாவை மூடினார். "எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"எதையும் தொட வேணாம். கயித்துல வெள்ளைக் கோடு வந்தா கூண்டு மாடிக்கு நேரா நிக்குதுன்னு அர்த்தம், அதச் சொல்லணும். நான் இறக்கறேன்னா, இறக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் கூண்டின் தலைமேல் ஏறி நின்றார். கிரீஸும் இரும்புத்தூளும் கலந்த வாடை. மேலே, கயிறு நுழையும் சதுர ஓட்டையில் மட்டும் வெளிச்சம். அதில் வாத்தியாரின் தலை நிழல் தெரிந்தது. கையிலிருந்த பெட்டியில் கூண்டை ஓட்டும் பொத்தான்கள். பொத்தானைத் தொடாமல் குரல் கொடுத்தார்.

"இறக்கறேன்."

"இறக்குங்க."

"ங்க வேணாம். இழுத்தா இங்க குழறுது. இறக்கு."

"இறக்கு."

கூண்டு ஒரு மாடி இறங்கி நின்றது. அவர் பிரேக்கின் சத்தத்தைக் கேட்டார், கயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஒரு மாடி. மூன்றாவது மாடியில் அவர் எதையும் பார்க்காமல் நின்றார். முகம் தெரியாத இடத்தில் பேச்சு சுலபமாக வந்தது.

"மாப்ளே. நர்ஸ் சொல்லிட்டாங்க."

ஓட்டையில் நிழல் குனிந்தது.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம். அன்னைக்கு மேசையில சொல்லியிருக்கலாம். உன்னாலதான்டா மறைச்சா, உன் காலுக்காகத்தான்னு மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அது எங்க போய் விழும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன் மச்சான்."

"பாத்து?"

"உங்களால தாங்க முடியாதுன்னு வந்துச்சு. நானே வெச்சுக்கிட்டேன்."

கீழே யாரோ பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று முணுமுணுத்தபடி படியேறிப் போனார்கள். செருப்புச் சத்தம் தேயும்வரை லிஃப்ட்காரர் காத்திருந்தார்.

"அன்னைக்கு வேணும்னுதான் வாயத் தொறக்கல."

"தெரியும்."

"உங்க கையால நான் சாகணும்னு..."

"தெரியும் மச்சான். எண்ணிப் பாத்தேனே. ரெண்டு தரம்."

லிஃப்ட்காரர் இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை வாங்க," என்றார்.

பதில் இல்லை. பதில் இல்லாமல் நகரக்கூடாது. அவர் நகரவில்லை. முறிந்த கால் மரத்துப்போக ஆரம்பித்தது. எடையை மற்ற காலுக்கு மாற்றினார். நிழல் ஓட்டையிலிருந்து விலகியது, மறுபடி வந்தது.

"இறக்கு," என்றது மேலேயிருந்து குரல். அவ்வளவுதான்.

அவர் இறக்கினார்.

சனிக்கிழமை இரண்டே கால்வரை மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் துடைத்த கண்ணாடியையே துடைத்தார். நர்ஸ் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். லிஃப்ட்காரர் படிக்கட்டைப் பார்க்காமல் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இருபதுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. வாத்தியார் தாடியை எடுத்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் லென்ஸ் பெட்டிகள் இருந்த இழுப்பறையைத் திறந்து, எட்டு மாதமாகக் குப்புறக் கிடந்த தாளை எடுத்து அவர்முன் வைத்தார்.

லிஃப்ட்காரருக்குப் புதுத் தாள். கடைக்காரர் பென்சிலோடு நிமிர்ந்தார். "பன்னெண்டாவது. ரெண்டு தொழிலா?"

"ஒண்ணு போதும். கேடயம்."

"முதல் படி. உயிர் ஆறு."

கதை தொடங்கியது. பாழடைந்த பாலம் ஒன்று. அதன் நடுவில் ஒரே ஒரு கல்பூதம். தூண் எப்போதும்போல முன்னால் போய் அதன் எதிரில் நின்றார். வாத்தியாரின் முறை வந்தது.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஆறு பகடைகளையும் எடுத்தார். ஐந்தை மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார். கையில் ஒன்று மிஞ்சியது.

"ஒண்ணா?" என்றார் நர்ஸ். "இதுக்குக் கொசுகூடச் சாகாது வாத்தியாரே."

"முதல் படிக் கேடயம் ஒரு பகடைதான் தாங்கும்," என்றார் வாத்தியார். "அதுக்குமேல போட்டா, சொன்னாலும் பிரயோஜனமில்ல."

"சொல்லலைன்னா?" என்றார் கடைக்காரர். விதியைச் சொல்ல வேண்டியது அவர் கடமை.

"ஆறு விழுந்தா ஆளு காலி." வாத்தியார் பகடையை விரல்களுக்குள் மூடினார். "உங்கமேல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"உன்மேல போடறேன்டா."

"வாங்கிக்கறேன்டா."

"இன்னும் போடவே இல்லையே," என்றார் கடைக்காரர்.

வாத்தியார் இன்னும் கையைத் திறந்திருக்கவில்லை. திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பகடை நீல வெல்வெட்டில் உருண்டு தட்டின் விளிம்பில் மோதி நின்றது.

"ரெண்டு," என்றார் வாத்தியார். "திருப்பினா நாலு."

கடைக்காரர் நாலைக் குறித்துக்கொண்டார். கல்பூதம் பாலத்தின் நடுவில் அப்படியே நின்றது. அவர் நர்ஸின் பக்கம் திரும்பி, "உங்க முறை," என்றார்.